ஃப்ரிட்ஜுக்குள் ஒரு ஆள்

டப்ளினில் அன்று காலையிலிருந்து மழை. அது ஒன்றும் புதிதில்லை. அம்மா தட்டிலிருந்த மீனையும் உருளைக்கிழங்கு வறுவலையும் தொடாமல் உட்கார்ந்திருந்ததுதான் கீவாவுக்குப் புதிது.

"மறுபடியும் கறுத்துப்போச்சாம்மா?"

"ஆமாடி தங்கம்."

அம்மாவுக்குப் பல்கலைக்கழக ஆய்வுக்கூடத்தில் வேலை. வெள்ளியோடு வேறு சில பொருள்களைச் சேர்த்து ஒரு வெள்ளைப் பொடி செய்கிறார். அது புற்றுநோய்ச் செல்களை அழிக்குமா என்று சோதித்துப் பார்க்க வேண்டும். மருந்து வந்துவிடுமா என்று யாராவது கேட்டால், "அதுக்கு இன்னும் எவ்வளவோ தூரம் போகணும்" என்பார்.

அந்தப் பொடிக்கு வெளிச்சம் ஆகவே ஆகாது. பட்டால் கறுத்துவிடும். அதனால் குப்பியை அலுமினியத் தாளில் சுற்றி, நிறம் பார்க்க மட்டும் சின்னதாக ஒரு இடைவெளி விட்டு, ஃப்ரிட்ஜில் வைப்பார். ஆனால் சோதனைக்கு எடுக்கும்போது பொடி கரியாக இருக்கும். இரண்டு தடவை இப்படியே ஆகிவிட்டது.

"வியாழக்கிழமையும் கறுத்துச்சுன்னா, இதை மூட்டை கட்டிட்டு வேற வேலையைப் பார்க்கச் சொல்லிட்டாங்க" என்றார் அம்மா.

அம்மா அந்தப் பொடியை மூன்றாவது பிள்ளை மாதிரி அல்லவா பார்த்துக்கொள்கிறார்!

அந்த நேரம் பார்த்துத் தம்பி டாரா சிணுங்கினான். நான்கு வயது. அவனுக்குப் பால் வேண்டும். ஆனால் ஃப்ரிட்ஜைத் திறக்க மாட்டானாம்.

"உள்ள ஒரு ஆள் இருக்கான்க்கா. கதவைத் திறந்தா லைட்டைப் போடுறான்."

"அடப் பயந்தாங்கொள்ளி! அது தானா எரியும். கதவை மூடினா தானா அணைஞ்சிடும்டா."

"நீ பார்த்தியா?"

கீவா ஃப்ரிட்ஜைத் திரும்பிப் பார்த்தாள். மூடிய ஃப்ரிட்ஜுக்குள் போய் யார் பார்த்தார்கள்?

கேலி செய்துவிட்டுப் போயிருக்கலாம். ஆனால் தம்பியின் கீழுதடு துடித்துக்கொண்டிருந்தது. பாவமாக இருந்தது.

அம்மாவின் கைபேசியை வாங்கி, வீடியோவை ஓடவிட்டு, வெண்ணெய் டப்பாவில் சாய்த்து வைத்துக் கதவை மூடினாள். இருவரும் சத்தமாகப் பத்து வரை எண்ணினார்கள். டாரா ஏழை விட்டுவிட்டான்.

எடுத்துப் பார்த்தார்கள். கதவு மூடியதும் உள்ளே கும்மிருட்டு.

"பாரு! ஆளும் இல்ல, பேயும் இல்ல."

டாரா தானே கதவைத் திறந்து பாலை எடுத்தான். கீவா சிரித்தாள். சட்டென்று அவள் சிரிப்பு நின்றது.

"அம்மா, உங்க ஆய்வுக்கூடத்து ஃப்ரிட்ஜ்ல லைட் அணையுதா?"

"எல்லா ஃப்ரிட்ஜும் அப்படித்தானேடி..."

"நீங்க பார்த்தீங்களா?" என்று கேட்டான் டாரா, பால் மீசையோடு.

அம்மா கீவாவைப் பார்த்தார். கைபேசியைப் பார்த்தார். அப்புறம் மீனை மளமளவென்று சாப்பிட்டார்.

மறுநாள் மாலை வாசலிலேயே ஆரம்பித்துவிட்டார்.

"கதவுப் பொத்தான் சிக்கிக்கிட்டிருக்குடி! மூடினாலும் உள்ள லைட் எரிஞ்சுக்கிட்டே இருக்கு! ஜன்னலுக்கெல்லாம் கறுப்புத் திரை போட்டோமே, இதைப் பார்த்தோமா? என்கூட வேலை பார்க்கிற ஃபீக்ரா தலையில அடிச்சுக்கிட்டான்."

உடனே புதிதாகப் பொடி செய்து வைத்தார்கள். வியாழக்கிழமை பள்ளியில் கீவாவுக்குக் கணக்கே ஓடவில்லை.

அம்மா மழையில் தொப்பலாக நனைந்து வந்தார். முகமெல்லாம் சிரிப்பு.

"மாவு மாதிரி வெள்ளை! சோதனையும் ஆரம்பிச்சாச்சு."

"புற்றுநோயை அழிச்சிடுமாம்மா?"

"தெரியாதுடா கண்ணு. தெரிஞ்சுக்கவே இப்பதான் வழி கிடைச்சிருக்கு. நீ கொடுத்த வழி."

அம்மா அவளை இறுக்கிக் கட்டிக்கொண்டார். ஈரக் கோட்டு சில்லென்றது. கீவா விலகவில்லை.

"ஃபீக்ரா இதை உன்கிட்ட கொடுக்கச் சொன்னான்." அம்மா கோட்டுப் பையிலிருந்து ஒரு குட்டி பல்பை எடுத்து அவள் உள்ளங்கையில் வைத்தார். "இனிமே அந்த ஃப்ரிட்ஜுக்கு லைட்டே கிடையாது."

டாரா எட்டிப் பார்த்தான். கண்கள் விரிந்தன.

"அக்கா, உள்ள இருந்த ஆள் இவனா? இத்தனூண்டு இருக்கான்!"