பக்கம் புரட்ட வந்தவன்

“அந்த நாற்காலிக்கு ஆள் இருக்கு.”

பொய். கூட வாசித்த தோழி கல்யாணமாகி டொராண்டோவுக்குப் போனதிலிருந்து அது காலியாகத்தான் கிடக்கிறது. ஆனால் யாரோடும் பேச ஒரீசியாவுக்குத் தெம்பில்லை. நாளெல்லாம் தையல் ஆலையில் கோட்டுகள் தைத்துவிட்டு, வின்னிபெக் பனியில் நடந்து, உக்ரைன்காரர்களின் தொழிலாளர் மன்றத்து மாண்டலின் ஒத்திகைக்கு வந்து விழுந்திருந்தாள்.

“அவங்க வர்ற வரைக்கும் உக்காந்துக்கிறேனே. பஸ்ஸைக் காணோம்... காது உறைஞ்சுபோச்சுங்க.”

நிமிர்ந்தாள். எதிரே நின்ற இளைஞனின் இமைகளில் பனி உருகிக்கொண்டிருந்தது... அதன் பின்னால் சாம்பல் நிறக் கண்கள்... சிரிக்கிற கண்கள். பார்வையை எடுக்க மறந்து, பிறகு வெட்கப்பட்டு, சுருதி சேர்ப்பதுபோல் குனிந்துகொண்டாள்.

அவன் உட்கார்ந்தான். வாசிப்பு தொடங்கியது. பக்கத்தின் கடைசி வரியில், வழக்கம்போல் தந்தியை விட்டுவிட்டுத் தாளைப் புரட்டக் கை எடுக்கப் போனாள்... அதற்குள் தாள் புரண்டிருந்தது. சரியான இடத்தில், அவன் புரட்டியிருந்தான். எப்போதும் விட்டுப்போகும் அந்தச் சுரங்களை அன்றுதான் முதல்முறையாக வாசித்தாள்.

“நோட்டு படிக்கத் தெரியுமா?”

“சர்ச்சுல பாடுவேன். பேரு மிரோன்.”

“சர்ச்சா... இங்க மெதுவா சொல்லுங்க. அந்தப் பெரிய மாண்டலின் வச்சிருக்கிறவர் எங்கப்பா.”

உக்ரைனிலிருந்து ஒரே கப்பலில் வந்தவர்கள்தான். ஆனாலும் மன்றத்துக்காரர் சாமியே இல்லை என்கிற இடதுசாரிகள்; அவர்கள் வீட்டுக் கல்யாணத்தில் சர்ச்காரர் கை நனைப்பதில்லை.

அடுத்த புதன் ஒத்திகைக்கும் வந்தான். அதற்கடுத்த புதனும்.

“பஸ்ஸெல்லாம் நல்லாத்தானே ஓடுது. இன்னிக்கு என்ன சாக்கு?”

“சாக்கு தீர்ந்துபோச்சுங்க.”

அவள் சிரித்தாள். சிரித்து எவ்வளவு நாளாயிற்று...

குளிர்காலம் பாதி போனபோது அப்பாவுக்கு விஷயம் தெரிந்தது. “அந்த சர்ச்காரன் உன் பக்கத்துல உக்காந்தா, நான் மன்றத்துல வாசிக்கிறதை விட்டுடறேன்மா” என்றார். கோபமாகக்கூட அல்ல, அலுப்பாக. அவரோடு மல்லுக்கட்ட அவளுக்குத் தெம்பில்லை.

“இனிமே வராதீங்க” என்றாள் மிரோனிடம். ஏன் என்று கேட்பான் என்று நினைத்தாள். அவனுக்கும் ரோஷம் இருந்தது. தொப்பியை எடுத்துக்கொண்டு போய்விட்டான்.

கச்சேரி நாளன்று, பக்கத்தின் கடைசி வரியில் அவள் கை நின்றுவிட்டது. புரட்டவும் இல்லை, வாசிக்கவும் இல்லை. எல்லோரும் அடுத்த பக்கத்தை வாசித்துக்கொண்டு போக, அவள் மட்டும் அங்கேயே உட்கார்ந்திருந்தாள்.

“உடம்பு சரியில்லையாம்மா?” அப்பா பிறகு கேட்டார்.

“உடம்புக்கு ஒண்ணுமில்லப்பா. எனக்கு அவரைப் பிடிச்சிருக்கு. மறைச்சு மறைச்சு அலுத்துப்போச்சு.”

அப்பா மாண்டலினைப் பெட்டிக்குள் வைத்தார். வெகுநேரம் மூடவில்லை. “நான் வாசிப்பேன். ஆனா அவனோட பேச மாட்டேன்.”

“பேச வேண்டாம்பா.”

ஞாயிற்றுக்கிழமை சர்ச் வாசலில் போய் நின்றாள். அவள் குடும்பத்தில் யாரும் நின்றிராத இடம். வெளியே வந்தவர்கள் முறைத்துக்கொண்டே போனார்கள். மிரோன் அவளைப் பார்த்ததும் வேகமாக இறங்கி வந்தான்.

“உங்கப்பாவுக்குத் தெரியுமா?”

“சொல்லிட்டேன். உங்களோட பேச மாட்டாராம்.”

“எங்கம்மாவும் உங்களோட பேச மாட்டாங்க.” அவன் சிரிக்கவில்லை. “அன்னிக்கு வராதீங்கன்னீங்க. இப்ப எதுக்கு வந்தீங்க, ஒரீசியா?”

“ரொம்பக் களைப்பா இருக்கு, மிரோன்... இந்த ஆலை, இந்தக் குளிர், இந்த மன்றம், சர்ச்சுங்கிற சண்டை... எதுவும் மாறப்போறதில்ல. இவ்வளவு களைப்பையும் உங்க பக்கத்துல உக்காந்து சுமந்தா பரவாயில்லைன்னு தோணுது. எனக்கு நீங்க வேணும்.”

அவன் கையுறையைக் கழற்றினான். ஊசி குத்திக் காய்த்துப்போன அவள் விரல்களை, அத்தனை பேர் பார்க்கப் பிடித்துக்கொண்டான்.

“மிரோன்...” படியிலிருந்து அவன் அம்மா கூப்பிட்டார்.

“வர்றேம்மா” என்றான். “நாங்க ரெண்டு பேரும் வர்றோம்.”