கூடைக்குள் ஓர் உளவாளி

"மவுத்து...! யாவாரம் மவுத்து...!"

அந்த அலறலில் நிஷாந்தியின் கையிலிருந்த குக்கர் மூடி தரையில் விழுந்து உருண்டது.

கண்டி டவுன் பாத்திரக்கடை முதலாளி நளீர் ஹாஜியார், செத்துப்போன வியாபாரத்தின் பிணத்தைப் பார்ப்பதுபோல் லேப்டாப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"காலையில நம்மட ஒன்லைன் கடையில கிறைண்டருக்கு ஓடர் குவிஞ்சிச்சு. பகலுக்குள்ள பிலிமத்தலாவைக் கடைக்காரி றமீலா அதே கிறைண்டர வெல கொறச்சுப் போட்டுட்டா! நேத்து குக்கர். முந்தாநாள் தாச்சிச் சட்டி. அவளுக்கு எப்பிடித் தெரியும்...?"

ஹாஜியாரின் பார்வை அவள் பக்கம் திரும்பியது.

"ஓடரெல்லாம் பாக்கிறது நீ மட்டுந்தான் நிஷாந்தி."

 ஹந்தானைத் தேயிலை மலையிலிருந்து இறங்கி வந்து, நிஷாந்தி அலைந்து திரிந்து பிடித்த வேலை. இது போனால்...?

"சத்தியமா நான் சொல்லல மொதலாளி!"

"எந்தக் கள்ளி ஒத்துக்கிட்டா? பின்னேரத்துக்குள்ள ஆள் ஆருன்னு காட்டு. இல்லாட்டி நாளைக்கு வராத!"

கள்ளி!

நிஷாந்தி கண்ணைத் துடைத்தாள். யோசித்தாள். இந்தக் கூத்து தொடங்கியது எப்போது...?

ஷிஹாப் வந்துபோன பிறகு!

ஷிஹாப், கடையின் வெப்சைட்டில் 'டேக்' மாட்டிவிட்டுப் போனவன். யார் உள்ளே வருகிறார்கள், எதைப் பார்க்கிறார்கள், எதைக் கூடையில் போட்டுவிட்டு வாங்காமல் ஓடுகிறார்கள் என்று ஒளிந்திருந்து கோள் சொல்லும் கோட் துண்டு அது.

அவனுக்குப் போன் போனது. ஷிஹாப் வந்தான். லேப்டாப்பைத் திறந்தான்.

வியர்த்தான்!

"ஹாஜியார்... டேக்குக்குக் கடைக்குக் கடை ஒரு நம்பர் ஈக்கி. தகவலெல்லாம் அந்த நம்பருக்குத்தான் போகும். இதுல ஈக்கிறது... உங்கட நம்பர் இல்ல."

"பொறகு ஆருட?"

"றமீலாட! அவங்கட கடைக்கும் நான்தான் செஞ்சேன். அத அப்பிடியே கொப்பி பண்ணினேன்... நம்பர மாத்த மறந்துட்டேன்."

"அடப்பாவி! டேட்டா வரக் கொஞ்ச நாள் எடுக்கும்னு எனக்குச் சொன்னியே?"

"வந்துச்சு ஹாஜியார்... அங்க!"

நளீர் கதிரையில் பொத்தென்று விழுந்தார். "ஒரு வேலைய ஒழுங்காச் செய்யேலாதா ஒனக்கு?"

"கேட்ட கூலியப் பேரம் பேசிப் பேசிப் பாதியாக்கினீங்களே! அதுக்குப் புதுசாவா எழுதேலும்?"

நிஷாந்தி இடுப்பில் கை வைத்தாள். "இப்ப சொல்லுங்க மொதலாளி. கள்ளி யாரு?"

ஹாஜியார் நிமிர்ந்து உட்கார்ந்தார். கண்ணில் ஒரு மின்னல்!

"ஷிஹாப்... அதக் கழட்டாத. நம்மட கடையில சனம் எதப் பாத்தாலும் அவளுக்குத் தெரியும்... அப்பிடித்தானே?"

"அப்பிடித்தான்."

"நம்மட பல்லேகல கிடங்குல முட்டை உரிக்கிற மெஷின் குவிஞ்சு ஈக்கி..."

ஈகூட எட்டிப் பார்க்காத சரக்கு! உரித்தால் கோது மிஞ்சும். முட்டை மிஞ்சாது.

அன்றிலிருந்து கடைப் பெண்கள், ஹாஜியாரின் மருமக்கள், மருமக்களின் சிநேகிதர்கள் எல்லோரும் போனும் கையுமாக அந்த மெஷினையே பார்த்தார்கள். கூடையில் போட்டார்கள். ஓடினார்கள். திரும்பி வந்து இன்னொரு தரம் ஏக்கத்தோடு பார்த்தார்கள்!

அந்த வாரமே புறக்கோட்டை மொத்தச் சந்தைத் தரகர் அழைத்தார்.

"ஹாஜியார், பிலிமத்தலாவையில ஒரு பொம்புள முட்டை மெஷின் கேக்கிறாங்க. எவ்வளவு இருந்தாலும் எடுப்பாங்களாம். வெலகூடப் பேசல்ல...!"

கிடங்கு காலி!

நளீர் தாடியைத் தடவிக்கொண்டார். "நிஷாந்தி, நீ நாளைக்கும் வா. ஷிஹாப், இப்ப அந்த டேக்கக் கழட்டு."

"கழட்டாதீங்க!" என்றாள் நிஷாந்தி. "அன்னாசி செதுக்குற மெஷின் இன்னும் கெடக்கே மொதலாளி. அதுல எனக்குக் கமிஷன் எவ்வளவு?"

"கமிஷனா...? புள்ள, கொஞ்சம் பாத்துக் கொறச்சு..."

"பேரம் பேசாதீங்க மொதலாளி. பேசினா, நீங்க வச்ச 'கள்ளி'ங்கிற பேர நெசமாக்கிருவேன்..." போனைத் தூக்கிக் காட்டிச் சிரித்தாள். "றமீலாக்கா நம்பர் இப்ப என்கிட்டயும் இருக்கு!"