இறுகிப்போன வளையம்

டங்... டங்... டங்...

ரோஸ்மேரி தலையணையைக் காதோடு அழுத்திப் பார்த்தாள். பயனில்லை. ஆஸ்பத்திரியில் இரவு வேலை முடித்து அப்போதுதான் படுத்திருந்தாள். மூன்றாவது நாளாக இதே சத்தம். எழுந்து, கம்பளிச் சட்டையை மாட்டிக்கொண்டு, தூறலில் தெருவைக் கடந்தாள்.

எதிர்வீட்டு வாசலில் முன்சக்கரம் இல்லாமல் நின்றது ஒரு பழைய ஹில்மன் கார். அதன் பக்கத்தில் ஒருவன் குந்தியிருந்தான். காலிடுக்கில் சக்கரத்தின் நடுக்குடமான ஹப். கையில் சுத்தியலும் உளியும். மனிதர்கள் தூங்க வேண்டாமா என்று அவள் ஆங்கிலத்தில் பொரிந்து தள்ளினாள். அவன் மன்னிப்புக் கேட்டுவிட்டுத் தலையைக் குனிந்தான்.

"எட்டு மணியாச்சு... இதென்ன நித்திரை," என்று தனக்குள் முணுமுணுத்தான்.

"ராத்திரி முழுக்க நோயாளிங்களப் பார்த்துட்டு வந்த நித்திரை," என்றாள் அவள், தமிழில்.

அவன் திடுக்கிட்டு நிமிர்ந்தான். அப்போதுதான் அந்தக் கண்களைப் பார்த்தாள். அகன்ற, கருகருத்த கண்கள்... ஆனால் அவளுடையதைவிடச் சிவந்திருந்தன. இவன் தூங்கிப் பல நாளாகியிருக்கும் என்று தாதியான அவளுக்குத் தெரிந்தது.

அவள் பெயரைக் கேட்டுக்கொண்டு, தன் பெயர் தவராசா என்றான். த்ரீ கிங்ஸ் பகுதிக் கடையொன்றில் சாமான் அடுக்குகிற வேலை. அது 1987 அக்டோபர். யாழ்ப்பாணத்தில் சண்டை மூண்டு பதினெட்டு நாள். அம்மாவையும் தங்கை பத்மாவதியையும் பற்றி ஒரு செய்தியும் இல்லை. அவள் கேட்காமலே எல்லாம் சொன்னான்.

"சும்மா இருந்தா விசர் பிடிக்குது. அதுதான் அடிக்கிறன்."

அவள் கோபம் போன இடம் தெரியவில்லை. குனிந்து ஹப்பைப் பார்த்தாள். தேய்ந்த பியரிங்கின் வெளிவளையம் மட்டும் துருவேறி உள்ளே இறுகிக் கிடந்தது. சுற்றிலும் உளிக் காயம். சொந்த ஊரான ஈப்போவில் அப்பாவின் லாரிப் பட்டறையில் வளர்ந்தவள் அவள்.

"அடிச்சா வராது. அந்த வளையத்துக்கு உள்பக்கம் ஒரு சுத்து வெல்டிங் வைக்கணும். ஆறும்போது சுருங்கி, தானா விழுந்துரும்."

"நேர்ஸ்மாருக்கு இதையும் படிப்பிக்கினமோ?"

"ஆமா... வாய்க்குத் தையல் போடவும் படிப்பிப்பாங்க."

அவன் உதட்டோரம் ஏதோ அசைந்தது. சிரிப்பாக வளரவில்லை. உதவி வேண்டாம், தானே எடுப்பேன் என்று மறுபடி சுத்தியலைத் தூக்கினான். என்ன திமிர்... என்று நினைத்துக்கொண்டே திரும்பினாள். ஆனாலும் தினமும் ஜன்னல் திரையை விலக்கி ஒருமுறை பார்த்துவிட்டுத்தான் படுத்தாள்.

அதன்பின் ஐந்தாம் நாள் சத்தம் நின்றுவிட்டது. அந்த அமைதியில் அவளுக்குத் தூக்கம் வரவில்லை. அடித்துத் தொலைக்கக் கூடாதா...

மழையோடு ஓடினாள். அவன் படியில் நனைந்தபடி உட்கார்ந்திருந்தான். கொழும்பிலிருந்து மாமா ஏரம்பமூர்த்தி டெலிபோனில் பேசியிருந்தார். அம்மா இல்லை. ஷெல் விழுந்து எட்டு நாளாகிவிட்டது. தங்கை ஏதோ ஒரு கோயிலில் அகதிகளோடு இருக்கிறாளாம்.

அவள் ஹப்பை எடுத்துப் பழைய செய்தித்தாளில் சுற்றினாள்.

"எழுந்திரிங்க. ஒடாஹுஹு போவோம். அங்க ஒரு வெல்டிங் கடை இருக்கு."

அவன் எழுந்து அவள் பின்னால் நடந்தான். இரண்டு பஸ் மாறினார்கள். ஹப் அவள் மடியில் கனத்தது. எண்ணெய்க் கறை பாவாடையில் இறங்கியது. அவன் கண்ணாடியில் வழியும் மழையையே பார்த்துக்கொண்டு வந்தான்.

வெல்டிங் கடைக்காரர் சமோவா நாட்டுக்காரர். அவள் சொன்னபடி வளையத்தின் உள்பக்கம் ஒரு சுற்று வெல்டிங் வைத்து, ஹப்பைக் கவிழ்த்துவிட்டுப் போனார். இருவரும் பார்த்துக்கொண்டே நின்றார்கள். சில நிமிடம்... பிறகு யாரும் தொடாமலே வளையம் தரையில் விழுந்தது. அவன் அப்படியே மண்டியிட்டு, முகத்தைக் கைகளில் புதைத்து, வாய்விட்டு அழுதான். அவள் பக்கத்தில் உட்கார்ந்து அவன் முதுகில் கை வைத்தாள். எடுக்கவில்லை.

பஸ் நிறுத்தத்தில் அவன்தான் பேச்சைத் தொடங்கினான். காரை ஓடவைத்து விற்றுவிட்டு ஊருக்குப் போகப் போகிறானாம். தங்கையைத் தேடி எடுக்க வேண்டும். விசா முடியப் போகிறது. போனால் திரும்ப விடுவார்களா என்பது நிச்சயமில்லை.

"உங்களிலை எனக்கு விருப்பம்," என்றான், அவளைப் பார்க்காமல். "சொல்லாமல் போகத்தான் நினைச்சன். என்னட்டைத் தர ஒண்டும் இல்லை, ரோஸ்மேரி. எனக்காகக் காத்திருக்காதேங்கோ."

சாமி கும்பிடுகிற இந்துப் பையனைக் கிறிஸ்தவரான அப்பா வாசலில்கூட நிற்கவிடமாட்டார். அவளுக்குத் தெரியும். இவன் போகிற இடத்திலிருந்து எத்தனை பேர் திரும்பவில்லை என்பதும் தெரியும்.

"எனக்கும் விருப்பம்தான்," என்றாள். "காத்திருக்கிறதும் காத்திருக்காததும் என் கையில இல்லீங்க. இனிமே உங்கள எப்படி விடுறது..."

பஸ் வந்தது. நிறுத்தச் சொல்லி இருவருமே கை காட்டவில்லை. அது நிற்காமலே போனது.