எண் 41 நலமாக இருக்கிறார்

காலை ஒன்பது மணிக்குச் செத்துப்போன ஸ்டோயில், பத்து மணிக்கு நலமாக இருந்தார்.

கம்ப்யூட்டர் அப்படித்தான் சொன்னது.

'எண் 41. ரத்த அழுத்தம் சரி. துடிப்பு சீர். புகார் எதுவும் இல்லை.'

புகார் சொல்லும் நிலையில் ஸ்டோயில் இல்லை. ஓய்வுபெற்ற பஸ் டிரைவர். டான்யூப் கரையில் இருந்த அந்தப் பல்கலைக்கழக மருத்துவ ஆராய்ச்சி மையத்தின் காத்திருப்பு அறையில், வெள்ளைத் துணிக்கடியில் கிடந்தார். அவர் பாதி கடித்த பனிட்சா, அந்த ஊர்ப் பாலாடைக்கட்டிப் பலகாரம், நாற்காலியில் ஆறிப்போயிருந்தது.

இன்ஸ்பெக்டர் வெலிச்கோ திரையிலிருந்து கண்ணை எடுத்தார்.

"செத்தவருக்கு யார் ப்ரெஷர் பார்த்தது, ப்ரொஃபசர்?"

மையத்தின் இயக்குநர் கரலீவ் பட்டு டையை நீவிக்கொண்டார்.

"இந்த நர்ஸ்தான். அவ பேர்லதான் பதிவாகியிருக்கு. படிப்பு பத்தாததுங்களை ஆராய்ச்சிக்குள்ள விட்டா இதான் கதி."

சுவரோரம் நின்ற நர்ஸ் தெமெனுகா கைகளை உதறிவிட்டுக்கொண்டாள். நாற்பது நிமிடம் ஸ்டோயிலின் நெஞ்சை அமுக்கிய கைகள்.

"பத்து மணிக்கு நான் உங்க கான்ஸ்டபிள்கிட்ட வாக்குமூலம் குடுத்துட்டிருந்தேன் சார். எங்க எல்லாரோட பாஸ்வேர்டும் இவருக்குத் தெரியும்."

வெலிச்கோ மெல்லத் திரும்பினார். கரலீவ் ஜன்னலைப் பார்த்தார்.

"என்ன மாத்திரைம்மா அது?"

"புது ப்ரெஷர் மாத்திரை. மூணு மாசமா சோதனை நடக்குது. நாலு பேருக்குத் துடிப்பு தடுமாறுதுன்னு மூணு தடவை எழுதிக் குடுத்தேன்."

"நர்ஸ் எழுதினதை நான் எதுக்குப் படிக்கணும்?" கரலீவ் சிரித்தார்.

"இந்த மாத்திரை போடுற மத்தவங்க எங்க?" வெலிச்கோ தெமெனுகாவிடம் கேட்டார்.

"ரெண்டு பேர் பாதியிலேயே விலகிட்டாங்க. மிச்சப் பேர் வீட்ல இருக்காங்க சார். முப்பத்தெட்டு பேர். பன்னெண்டு மணிக்கு அடுத்த மாத்திரை போடுவாங்க. எங்களுக்கு நம்பர்தான் தெரியும். பேரும் போன் நம்பரும் இவரோட அலமாரியில..."

மணி 11.25.

"சாவி குடுங்க ப்ரொஃபசர்."

"ரகசியம். வாரண்ட் கொண்டாங்க."

"சாயங்காலம் ஆயிடும்."

"ஆகட்டுமே. ஒரு கிழட்டு டிரைவர் சாகுறதுக்கு என் மாத்திரையா வேணும்? அது வெறும் தண்ணி மாதிரி."

தெமெனுகா நடந்துவந்தாள். பாக்கெட்டிலிருந்து சின்ன வெள்ளை மாத்திரை ஒன்றை எடுத்து மேஜைமேல் வைத்தாள். பக்கத்தில் ஒரு டம்ளர் தண்ணீர்.

"தண்ணி மாதிரிதானே? போடுங்க சார்."

"திமிரா? வெளிய போ."

"நீங்க முழுங்கினா நானும் இவங்களோட சேர்ந்தே வெளிய போயிடுறேன்." வெலிச்கோ கதவில் சாய்ந்துகொண்டார்.

கரலீவின் நெற்றி வியர்த்தது. நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளினார்.

"எனக்கு... ஏற்கெனவே ஹார்ட் வீக். இதைப் போட்டா நின்னுடும்."



"ஸ்டோயிலுக்கும் வீக்தான் சார்." தெமெனுகாவின் குரல் உடைந்தது. "அதையும் எழுதியிருந்தேன்."

"மருந்துக் கம்பெனிக்காரன் அவசரப்படுத்தினான்... நான் என்ன பண்றது..."

வெலிச்கோ கையை மட்டும் நீட்டினார். சாவி வந்து விழுந்தது.

மூன்று போன்கள். முப்பத்தெட்டு பேர். முப்பத்தேழு பேர் போனை எடுத்துவிட்டார்கள். எண் 17 மட்டும் எடுக்கவில்லை. மறுபடி... மறுபடி...

11.58-க்கு ஒரு கிழவியின் குரல் கேட்டது. வாய்க்குள் எதையோ வைத்துக்கொண்டு பேசும் குரல்.

"யாரும்மா? மாத்திரை போடுற நேரத்துல..."

"துப்புங்க பாட்டி! முழுங்காதீங்க, துப்புங்க!"

ஒரு நொடி அமைதி. பிறகு, தூ...

தெமெனுகா அப்படியே தரையில் உட்கார்ந்து அழுதாள்.

கான்ஸ்டபிள் கரலீவின் கையில் விலங்கு மாட்டினான். வெலிச்கோ ஒரு பிளாஸ்டிக் கவரைப் பிரித்து, மேஜை மேலிருந்த மாத்திரையை எடுக்கப் போனார்.

"தடயம் பத்திரமா இருக்கணும்."

தெமெனுகா எழுந்தாள். முந்திக்கொண்டு அதை எடுத்து வாயில் போட்டாள்.

"ஏம்மா, பைத்தியமா உனக்கு?" வெலிச்கோ பதறினார்.

அவள் நிதானமாகக் கடித்தாள்.

"புதினா மிட்டாய் சார். கேன்டீன்ல வாங்கினது. நிஜ மாத்திரை மஞ்சள் கலர்."

கரலீவின் வாய் பிளந்தது. தன் மாத்திரையை அவர் ஒருநாளும் கண்ணால் பார்த்ததில்லை.

தெமெனுகா கண்ணைத் துடைத்துக்கொண்டு அவரைப் பார்த்தாள்.

"இத்தனை வருஷ ஆராய்ச்சியில, உங்ககிட்ட ஒழுங்கா வேலை செஞ்ச முதல் மாத்திரை இதுதான் சார்."