நடுவில் நின்ற குதிரை

"என்னைத் திருடின்னுட்டாங்க மேடம்" என்றாள் மாதேஸ்வரி. அவள் அழவில்லை, நாற்காலியில் உட்காரவும் இல்லை. அத்தனை கோபம்.

ஓய்வுபெற்ற இன்ஸ்பெக்டர் சுகுணா பொறுமையாகக் கேட்டார். உதவியாளர் முனிவேல் அதற்குள் பேனாவைத் திறந்துவிட்டான்.

மூக்கண்டப்பள்ளியில் ஒரு உதிரிபாகத் தொழிற்சாலையில் அவள் காண்ட்ராக்ட் தொழிலாளி. கம்பெனி செஸ் போட்டியில் ஜெயித்தால் வேலை நிரந்தரம். இறுதி ஆட்டம் கேன்டீனில், பிரதாப்போடு. அவன் பர்மனென்ட், வருஷா வருஷம் கோப்பை வாங்குகிறவன். ஆட்டம் தொடங்கிக் கொஞ்ச நேரத்திலேயே அவள் கழிப்பறைக்குப் போய் வந்தாள். உடனே பிரதாப் எழுந்து, அவள் ஒளிந்து போனைப் பார்த்து ஆடுவதாகப் புகார் சொன்னான். தேடியபோது பெண்கள் கழிப்பறையில், தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால், சிம் இல்லாத ஒரு பழைய போன் இருந்தது. அதில் அடுத்த காயைச் சொல்லித்தரும் செஸ் மெஷின், அதன் திரையில் அவளுடைய ஆட்டம். எல்லார் எதிரிலும் அவளைச் சோதனை போட்டு, கேட் பாஸைப் பிடுங்கிக்கொண்டார்கள்.

"ஆட்டத்தோட தொடக்கம், அந்த ஓப்பனிங், எப்படிக் கத்துக்கிட்ட?" என்றார் சுகுணா.

"பெரிய ஆளுங்க ஆடுன ஆட்டத்த பஸ்ல போறப்ப ஒண்ணொண்ணா பாப்பேன் மேடம். ஒரு எடத்துல குதிரைய எல்லாரும் ஓரத்துக்குத்தான் ஓட்டியிருந்தாங்க. பிரதாப் அண்ணன் மட்டும் பிராக்டீஸ்ல, 'நடுவுல வை, மெஷினே அதான் சொல்லுது'ன்னாரு. சரிண்ணான்னேன்."

"அங்க செக்யூரிட்டியா இருக்கற நாகம்மா வேலைதான் மேடம் இது" என்றான் முனிவேல். "லேடீஸ் டாய்லெட்டுக்குள்ள வேற யாரு போவா?"

"நாகம்மாவுக்குச் செஸ் தெரியுமா?" என்றார் சுகுணா. முனிவேல் பேனாவை மூடினான்.

மறுநாள் அதே கேன்டீனில், மாதேஸ்வரியின் எதிரில், மனிதவள மேலாளர் ராஜசேகர், பிரதாப், நாகம்மா மூவரையும் உட்கார வைத்தார் சுகுணா. போன் திரையின் படத்தையும், ஆட்டம் நின்றபோது எடுத்த பலகையின் படத்தையும் மேசையில் போட்டார்.

"ரெண்டும் ஒண்ணுதானே?" என்றார் ராஜசேகர்.

"குதிரையைப் பாருங்க. பலகையில ஓரத்துல நிக்குது. போன்ல நடுவுல நிக்குது. போனைப் பாத்து ஆடுனவ போன் சொன்னதை ஏன் ஆடல? மத்த காயெல்லாம் பிராக்டீஸ்ல பழகுன அதே வரிசை. இது ஆட்டம் தொடங்கறதுக்கு முன்னாடியே தயார் பண்ணி வெச்சது. அவ நடுவுலதான் வைப்பான்னு நம்புன ஒரு ஆள் வெச்சது. நாகம்மா, அன்னிக்குக் காலையில முதல்ல இங்க வந்தது யாரு?"

"பிரதாப் சார்தாங்க. டேபிள் போடணும்னு சாவி வாங்குனாரு. அப்ப வேற யாரும் வரலீங்க."

"குதிரை ஓரத்துக்குப் போனதும் போன் படம் பொருந்தாதுன்னு உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும், பிரதாப். ஆனா பெண்கள் நடமாடற நேரத்துல உள்ள போயி மாத்த முடியாது. ஒரு காய்தானே, யாரு பாக்கப் போறாங்கன்னு விட்டுட்டீங்க."

பிரதாப்பின் முகம் கறுத்தது. "இவதான் சரிண்ணான்னு சொன்னாளே" என்று வாய் தவறிச் சொன்னான். சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவனுக்கு உறைத்தது. "காண்ட்ராக்ட் பொம்பளைகிட்ட தோத்தா வேலை செய்யற லைன்ல எவன் என்னை மதிப்பான்?"

மாதேஸ்வரிக்கு உடம்பெல்லாம் எரிந்தது. "பர்மனென்ட் ஆளு எது சொன்னாலும் நாங்க சரிண்ணாதான் சொல்லணும். இல்லன்னா மறுநாள் வேல இருக்காது. அத நம்பிட்டியாண்ணா நீ?"

ராஜசேகர் கேட் பாஸை அவள் பக்கம் நகர்த்தினார். "தப்பு நடந்துபோச்சும்மா. வெளியில தெரிய வேணாம், இத்தோட விட்டுரலாம். சரியா?"

'சரி' என்ற அந்தச் சொல் பழக்கத்தில் நாக்கு நுனி வரை வந்துவிட்டது. அதை அப்படியே விழுங்கினாள்.

"முடியாது சார்" என்றாள். "எல்லார் முன்னாடியும்தான சோதனை போட்டீங்க? எல்லாரையும் கூப்பிடுங்க. நிறுத்துன ஆட்டத்த அதே எடத்துலருந்து ஆடணும்."

பலகையை இழுத்து, குதிரையை ஓரத்துக் கட்டத்தில் வைத்தாள்.