படத்தில் விழுந்த கை

நாய்க்குட்டியின் இடுப்பெலும்பு எக்ஸ்ரேயில் தெளிவாகத்தான் விழுந்திருந்தது; ஆனால் அதன் தொடைக்குக் கீழே, படத்தின் ஓரத்தில், நான்கு விரல்களின் எலும்புகளும் விழுந்திருந்தன.

"கையை உள்ள விடாதேன்னு எத்தனை தடவை சொல்றது ரூஹி?" என்றார் டாக்டர் வரதன்.

ரூஹி படத்தை உற்றுப் பார்த்தாள். அம்பத்தூரில் நாய், பூனைகளுக்கு வைத்தியம் பார்க்கும் அந்த கிளினிக்கில் உதவியாளர் பயிற்சிக்குச் சேர்ந்து நான்கு மாதம் ஆகிறது. இன்னும் இரண்டு மாதம் ஓட்டிவிட்டால் சான்றிதழ். நாயைத் தொடுகிற வேலையா என்று முகம் சுளித்த அத்தா இப்போதுதான் அவளோடு பேசவே தொடங்கியிருந்தார்.

ஆனால் அவள் இரண்டு கையிலும் ஈயக் கையுறை போட்டிருந்தாள். ஈயம் கதிரை உள்ளே விடாது; கையுறை படத்தில் விழுந்தால் வெறும் வெள்ளைக் கட்டியாகத்தான் விழும், உள்ளே இருக்கும் எலும்பு தெரியாது. படத்தில் இருந்ததோ வெறும் கை. படம் எடுத்தபோது அந்த அறையில் அவளையும் குட்டியையும் தவிர வேறு யாரும் இல்லை.

அடுத்த வியாழக்கிழமை மத்தியானம், வெளியே மழை அடித்துக்கொண்டிருக்க, பினாயிலும் நனைந்த ரோமமும் கலந்த வாடை வராந்தா முழுக்க நிறைந்திருந்தபோது, மூச்சு இழுக்கும் பூனை ஒன்று வந்தது. கூடைக்குள் கை விட்டவர்களையெல்லாம் பிறாண்டித் தள்ளிய அந்தப் பூனை, எக்ஸ்ரே மேசையில் வைத்ததும் நனைந்த துணி மாதிரி துவண்டுவிட்டது. அதன் கண்கள் மட்டும் ரூஹியின் தோளுக்குப் பின்னால் எதையோ பார்த்தபடி நிலைத்திருந்தன.

ரூஹி பின்னங்கால்களைத்தான் பிடித்திருந்தாள். படத்தில் மணிக்கட்டு வரை ஒரு கை, பூனையின் பிடரியைப் பற்றியிருந்தது.

"இன்னொரு தடவை இப்படி ஆச்சுன்னா நாளையிலேர்ந்து வராதே," என்று சொல்லிவிட்டு டாக்டர் போய்விட்டார்.

"இன்னாம்மா ஆச்சு உனக்கு?" என்று கேட்டாள் ரேகா. அங்கே ஏழு வருஷமாக வேலை பார்ப்பவள்.

"அக்கா, அது என் கை இல்லை."

ரேகா அவள் கையைப் பிடித்துத் திரையில் இருந்த கையோடு சேர்த்து வைத்துப் பார்த்தாள். திரையில் இருந்த விரல்கள் ஒரு கணு அளவு நீளமாக இருந்தன. ரேகா சட்டென்று கையை விட்டாள்.

"டாக்டராண்ட இதெல்லாம் சொல்லிகினு இருக்காத," என்றாள். அன்றிலிருந்து அவள் அந்த அறைக்குள் கால் வைக்கவில்லை. வெளியே நின்று சுவிட்ச் அழுத்துவதோடு சரி.

சனிக்கிழமை, சென்னீர்குப்பத்தில் லாரி இடித்த தெருநாய் ஒன்றைத் தூக்கி வந்தார்கள். ரூஹி தயங்கித் தயங்கிச் சொன்னாள்: "சார், மயக்கம் குடுத்துட்டு, மணல் பை அண்டக் குடுத்து வெச்சிட்டா, யாருமே உள்ள இருக்க வேணாமே."

"இப்பதான் உருப்படியா ஒண்ணு சொல்ற," என்றார் டாக்டர்.

எல்லோரும் வெளியே நின்றார்கள். ரேகா அழுத்தினாள். திரையில் படம் வந்தது. நாயின் விலா எலும்புகள். வேறெதுவும் இல்லை. ரூஹிக்கு அழுகையே வந்துவிட்டது.

"பாத்தியா? இதான் முறை. போய் மறுபக்கம் திருப்பிப் போட்டுட்டு வா."

உள்ளே போனாள். கனத்த கதவு தானாகச் சாத்திக்கொண்டது. அன்றும் பெய்துகொண்டிருந்த மழையின் சத்தம் நின்றுபோனது. மேசை மேல் சதுரமாக விழுந்த மஞ்சள் வெளிச்சத்தில் நாயின் விலா ஏறியது, இறங்கியது.

அந்த விலாவில் ரோமம் படிந்திருந்தது. ஈரம் என்று நினைத்தாள். குனிந்து பார்த்தாள்.

ஐந்து பள்ளங்கள். ஓர் உள்ளங்கை.

ஒரு பள்ளம் நிமிர்ந்தது. ரோமம் மெல்ல எழுந்தது. அடுத்தது. அதற்கடுத்தது. ஐந்தும்.

ரூஹி பின்வாங்கினாள். முதுகில் கதவு இடித்தது. கைப்பிடியைத் தேடி வலது கையைப் பின்னால் நீட்டினாள்.

அவள் போட்டிருந்த பச்சைக் கோட்டின் கை மடிப்பு உள்வாங்கியது. துணியில் நான்கு வரிகள். வலிக்கவில்லை. அவசரமும் இல்லை. பழகிய பிடி. அவளை ஓரடி நடத்தியது. இன்னோரடி. கையை மேசையில் வைத்தது. வெளிச்சத்துக்குள்.

கத்த வாயைத் திறந்தாள். நாக்கு எழவில்லை. தோள் தளர்ந்தது. அந்தப் பூனை மாதிரி உடம்பு துவண்டது. பயம்கூட மெல்ல வடிந்துகொண்டிருந்தது.

"ஆச்சா ரூஹி? வெளிய வந்துட்டியா?" டாக்டரின் குரல்.

"வந்துட்டேன் சார்."

கதவுக்கு வெளியிலிருந்து. அவளுடைய குரலில்.

"தோ, வந்துட்டா சார்," என்றாள் ரேகா.

மேசைக்கு மேல் இயந்திரம் முனகத் தொடங்கியது. மஞ்சள் சதுரத்துக்குள், தூங்கும் நாய்க்குப் பக்கத்தில், ரூஹியின் ஐந்து விரல்களையும் ஏதோ ஒன்று, ஒவ்வொன்றாக, நேராக விரித்து வைத்துக்கொண்டிருந்தது.