ஏழாம் குழியில் அடித்த அடி

காலை ஒன்பதரை. அறையிலிருந்த பெட்டகம் திறந்து கிடந்தது. உள்ளே வைர அட்டிகை இல்லை. அண்ணியின் அலறல் அந்தக் கடற்கரை விடுதியின் நீச்சல் குளம் வரைக்கும் கேட்டது.

இன்ஸ்பெக்டர் கேட்டுக்கொண்டேதான் வந்தாள். அண்ணன் குடும்பத்தோடு வந்திருந்தாள்; பெயருக்குத்தான் விடுப்பு. விடிந்ததிலிருந்து கணவரின் பின்னால் கோல்ஃப் மைதானம் முழுக்க நடந்து, அவர் அடித்த பந்துகள் பாறைகளைத் தாண்டிக் கடலில் விழுவதைப் பார்த்துப் பார்த்து வெறுத்துப்போய், ஏழாம் குழியோடு போதும் என்று அவரை இழுத்துக்கொண்டு திரும்பியிருந்தாள்.

கணவர் படியேறும்போதும் விடவில்லை. "ஏழாவதுல நான் என்னம்மா பண்ணுவேன்? நேத்து கடலோரமா இருந்த குழியை இன்னிக்கு மேட்டுக்குப் பின்னாடி வெச்சிருக்கான். முதல் ஆள் ஆட வர்றதுக்குள்ள மாத்திடுறான் படுபாவி. கிட்டப் போற வரைக்கும் கண்ணுலயே படல."

"வீட்டுல எலிப்பொந்தை அடைங்கன்னு ஆறு மாசமா கத்துறேன். இங்க குழிக்கு வந்து உயிரை விடுறீங்க."

அறைக்குள் அண்ணி கட்டிலில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தாள். சுவரோரம் அறை பெருக்கும் பெண் நின்றாள். அவளுடைய ஏப்ரனையும் சாவியையும் மேனேஜர் ஏற்கெனவே வாங்கி மேசைமேல் வைத்திருந்தார்.

"போலீஸுக்குச் சொல்லிட்டேன் மேடம், வந்துட்டிருக்காங்க," என்றார் மேனேஜர்.

"நான் யாருன்னு நினைச்சீங்க? பால்காரியா? ரூம் சாவி யார் யார்கிட்ட இருக்கு?"

"எங்கிட்ட ஒண்ணு, உங்க அண்ணன்கிட்ட ஒண்ணு, இவகிட்ட ஒண்ணு," என்றாள் அண்ணி. "நான் பெட்டகத்துல நம்பர் அழுத்துறப்ப இவ பக்கத்துலதான் நின்னா."

"அட்டிகையைக் கடைசியா எப்ப பார்த்தீங்க?"

"காலையில சாப்பிடப் போறதுக்கு முன்னாடி. ஊருக்குப் போனதும் கடையில கொடுத்து கல்லைச் சோதிக்கணும், பொண்ணு கல்யாணத்துக்குப் போடணும்னு நேத்துதான் உங்க அண்ணன்கிட்ட சொன்னேன். அதுக்குள்ள கண்ணு பட்டுடுச்சு."

இன்ஸ்பெக்டர் பெருக்கும் பெண்ணிடம் திரும்பினாள். "நீங்க உள்ளே வந்தீங்களா?"

"இன்னும் இந்தப் பக்கமே வரலைங்க. அந்தக் கோடி ரூம்ல இருந்தேன்." அவள் குரல் உடையவில்லை. "திருடின்னு பேர் வாங்கிட்டுப் போனா இந்தக் கரையில எவன் எனக்கு வேலை கொடுப்பான்? எம் புள்ளைங்க பட்டினிதான்."

அப்போது அண்ணன் வந்தான். ஒன்பதாம் குழியிலிருந்து ஆள் அனுப்பி அழைத்திருந்தார்கள். தோளில் கோல்ஃப் பை. கதையைக் கேட்டான். உச்சுக் கொட்டினான்.

"போனது போகட்டும் பாப்பா. கேஸ் கீஸுன்னு அலைய வேண்டாம். அவளை வேலையை விட்டு அனுப்பிட்டா போதும்."

வேலைக்குச் சேர்ந்து இத்தனை வருடமாகியும் அண்ணனுக்கு அவள் பாப்பாதான்.

"நீ எங்கே இருந்தேண்ணா?"

"வேற எங்கே? உங்களுக்கு முன்னாடியே தனியா ஆடக் கிளம்பிட்டேனே."

"ஏழாவது குழி இந்த ரூமுக்குப் பின்னாடிதானே இருக்கு. அங்க ஆடுறப்ப யாராவது இந்தப் பக்கம் வந்ததைப் பார்த்தியா?"

"எங்கே பார்க்கிறது? மாப்ளே, ஏழாவதுல நான் அடிச்ச அடியை நீங்க பார்த்திருக்கணும்!" அண்ணனின் முகம் மலர்ந்தது. "பந்து நேரா கடலோரத்துல போய் இறங்கிச்சு. அங்கேருந்து லேசா ஒரு தட்டு. குழி விளிம்புல நின்னுச்சு, யோசிச்சுச்சு, தொபுக்குனு உள்ளே!"

கணவர் வாயைத் திறந்தார். இன்ஸ்பெக்டர் அவர் காலை மிதித்தாள்.

"பையைத் திற," என்றாள்.

"எதுக்கு?"

"திறண்ணா."

அவன் அசையவில்லை. அவளே பையைப் பிடுங்கிப் பந்து வைக்கும் பகுதியைத் தரையில் கவிழ்த்தாள். பந்துகள் நாலா பக்கமும் உருண்டன. ஒரு காலுறை மட்டும் உருளவில்லை. அதற்குள் அட்டிகை இருந்தது.

அண்ணியின் அழுகை சட்டென்று நின்றது.

"இன்னிக்குக் குழி மேட்டுக்குப் பின்னாடி இருக்கு," என்றாள் இன்ஸ்பெக்டர். "விடியறதுக்குள்ள மாத்திட்டாங்க. இவர் காலையிலேருந்து அதைச் சொல்லித்தான் என் உயிரை வாங்குறார். நீ ஆடினது நேத்து இருந்த குழியில. இன்னிக்கு நீ ஏழாவதுல ஆடவே இல்லை. ஆறாவதை முடிச்சு, ரூமுக்கு வந்து, இதை எடுத்துட்டு, நேரா எட்டாவதுக்குப் போயிருக்கே. ஆடினேன்னு சொல்லி நிறுத்தியிருந்தா என்னால ஒண்ணும் பண்ணியிருக்க முடியாது. உங்க கோல்ஃப் கூட்டத்துக்கு அது முடியாதே! அடிச்ச அடியைச் சொல்லாம எவனாவது வாயை மூடியிருக்கானா?"

கணவர் கூரையைப் பார்த்தார்.

"ஏங்க?" என்றாள் அண்ணி. "எடுத்தது நம்ம நகைங்க!"

"இது நகையே இல்லை அண்ணி. கல்லைச் சோதிக்கணும்னு நீங்க சொன்னதும் இவருக்குத் தூக்கம் போயிடுச்சு. அசல் எங்கேண்ணா?"

அண்ணன் பந்துகளைப் பார்த்துக்கொண்டு பேசினான். "கோல்ஃப் கிளப்புல சேர... வித்துட்டேன். அதே மாதிரி போலி ஒண்ணு செய்யச் சொல்லி பெட்டகத்துல வெச்சேன். பாப்பா, இது குடும்ப விஷயம். நமக்குள்ள முடிச்சுக்கலாம்."

"நகை குடும்ப விஷயம். அதை அண்ணி பார்த்துக்குவாங்க. இந்தம்மா தலையில பழியைக் கட்டப் பார்த்தியே, அது குடும்ப விஷயம் இல்லை. மேனேஜர், போலீஸ் வந்ததும் இவரைக் காட்டுங்க. இவங்க சாமானைத் திருப்பிக் கொடுங்க."

மேனேஜர் ஏப்ரனையும் சாவியையும் நீட்டினார். மன்னிப்பு மாதிரி ஏதோ முனகினார். அண்ணனும் அந்தப் பெண்ணின் பக்கம் திரும்பி வாயைத் திறந்தான்.

அவள் கேட்க நிற்கவில்லை. ஏப்ரனை இறுக்கிக் கட்டிக்கொண்டாள். விளக்குமாற்றை எடுத்தாள்.

"எல்லாரும் வெளியே போறீங்களா?" என்றாள். "ரூம் பூரா மணலாக்கி வெச்சிருக்கீங்க."